பின்னறைக்காரியின் காகிதக் கம்மல்

சின்னவளிடம் கம்மல் வாங்க வேண்டுமென்றால் முதலில் அவளுடைய அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இடத்தின் அமைப்பு அப்படி. தெருவைப் பார்த்த முன்பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் கடை, அது அண்ணனுடையது. அதற்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை; அது சின்னவளுடையது. அறைக்குத் தனி வாசல் கிடையாது. காகிதக் கம்மல் கேட்டு யார் வந்தாலும் அண்ணனுடைய மேஜையைச் சுற்றி, அண்ணியின் முழங்காலை இடிக்காமல், சுவரோரமாக ஒருக்களித்துத்தான் உள்ளே போக முடியும்.

"எங்க போறீங்க?" என்பார் அண்ணன், தெரிந்துகொண்டே.

"கம்மல் பார்க்க."

"நகைக்கடை நாலு தெரு தள்ளி இருக்கு. இங்க பேப்பரை ஒட்டி வச்சிருக்கா. ஒரு தூறல் விழுந்தா காதுல பசையா ஒழுகும். அப்புறம் உங்க இஷ்டம்."

பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். மீதிப் பேர் உள்ளே வந்து நிற்கும்போதே முகம் ஒரு மாதிரி இருக்கும். சின்னவள் வெட்டிக்கொண்டிருக்கும் அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பாள். "பசைன்னு சொன்னாரா, சேறுன்னு சொன்னாரா?"

அந்த வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே இல்லை. மூத்தவர் பெரியவர், இளையவள் சின்னவள், அவ்வளவுதான். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் இரண்டு பேரும் அப்பாவின் ஸ்டாம்ப் கடையில்தான் வளர்ந்தார்கள். அப்பா பெரியவரின் கையில் செதுக்கு கத்தியைக் கொடுத்தார். ரப்பரில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்குவது எப்படி என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். சின்னவளும் பக்கத்தில் வந்து நின்றபோது, "பொம்பளப் பிள்ளை கையில கத்தி வேண்டாம்" என்று பசை டப்பாவைக் கொடுத்தார். செதுக்கி முடித்த ரப்பரின் ஓரத்தை வெட்டி, மரப்பிடியில் ஒட்டி, மையில் தொட்டு, ஒரு தாளில் குத்தி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று வாசித்துப் பார்ப்பது அவள் வேலை.

அந்த வாசிப்புதான் வினையாகப் போயிற்று. ஒரு கம்பெனிக்குச் செய்த ஸ்டாம்பில் 'மேலாளர்' என்பதைப் பெரியவர் 'மேளாளர்' என்று செதுக்கிவிட்டார். சின்னவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மேலாளருக்கு மேளம் கட்டி விட்டுட்டியே" என்றாள். ஸ்டாம்ப் வாங்க வந்தவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. பிறகு வந்த எல்லாச் சண்டைக்கும் விதை அந்தச் சிரிப்புதான் என்று உறவுக்காரர்கள் சொல்வதுண்டு. அது முழு உண்மை இல்லை. அதற்குப் பிறகும் சின்னவள் ஒரு பிழையைக்கூட மெல்லச் சொன்னதில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்பா போகும்போது முன்கடையைப் பெரியவருக்கும் பின்னறையைச் சின்னவளுக்கும் எழுதிவைத்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் நியாயம் செய்துவிட்ட நிம்மதியோடு கண்ணை மூடினார். இரண்டு பேரையும் ஒரே வாசலில் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அண்ணிக்கு அது அன்றைக்கே தோன்றிவிட்டது. "கட்டிக்குடுத்த பொண்ணுக்குக் கடையில என்ன இடம்? புருஷன் வீட்டுல நிம்மதியா இருக்கலாமில்ல?" என்றாள்.

"நிம்மதியாத்தான் இருக்கேன் அண்ணி. ரூம் சும்மா பூட்டிக் கிடந்தாலும் என் ரூம் என் ரூம்தான். உங்க பழைய பீரோவை அங்க தள்ளலாம்னு பார்க்கறீங்க. நடக்காது."

உண்மையில் அந்த அறையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று சின்னவளுக்கும் தெரியவில்லை. வீம்புக்குத்தான் வைத்திருந்தாள். உள்ளே பழைய அட்டைக்கட்டுகள் சில கிடந்தன. மூலையில் ஒரு சாக்கு நிறையப் பிழையான ஸ்டாம்புகள். அப்பா எதையும் தூக்கி எறியாதவர்.

கம்மல் வேலை தொடங்கியதே ஒரு கோபத்தில்தான். சின்னவளுக்கு உலோகம் ஆகாது. எந்தக் கம்மலைப் போட்டாலும் காது புண்ணாகி நீர் வடியும். அதனால் வெறுங்காதோடுதான் எங்கும் போவாள். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், சாப்பிட உட்கார்ந்த இடத்தில், நாலு பேர் கேட்க அண்ணி கேட்டாள். "காதுல ஒண்ணுமில்லாம வந்திருக்கியே. உன் வீட்டுக்காரர் பஸ்ஸை வித்துட்டாரா?"

சின்னவளின் புருஷன் டவுன் பஸ் டிரைவர். பஸ் அவருடையது இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

மறுநாள் பின்னறையைத் திறந்து சாக்கைத் தரையில் கவிழ்த்தாள். பிழையான ஸ்டாம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். வட்ட முத்திரைகளின் ஓரத்தில் கயிறு முறுக்கியது போல ஒரு வரி ஓடியது. சிலவற்றில் குட்டி நட்சத்திரங்கள் இருந்தன. 'ழ'வின் அடிச்சுழியை மட்டும் தனியே வெட்டி எடுத்தால் கொடிச்சுருள் கிடைத்தது. ரப்பரைத் துண்டுதுண்டாக வெட்டி, அட்டையில் குத்திக் குத்திப் பார்த்தாள்.

கைவேலைச் சாமான் விற்கிற கடையில் ஒரு பொடி கிடைக்கும். மை காய்வதற்கு முன் அதைத் தூவி, ஹீட் கன்னால் சூடான காற்றை ஊதினால் பொடி உருகி, கோடுகள் மேடாக எழுந்து பளபளக்கும். சின்னவள் இரண்டையும் வாங்கி வந்தாள். ஒற்றை அட்டை வளைந்துபோனதால் மூன்றை ஒட்டிக் கனம் கொடுத்தாள். வெட்டிய ஓரம் வெள்ளையாகத் தெரிந்தது. விரலால் மை தடவி மறைத்தாள். தண்ணீருக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு. காதுக்கு நைலான் கொக்கி. முதல் ஜோடி நகச்சுற்று வந்த விரல் போல வீங்கிக் கிடந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள். ஒரு வாரத்துக்குள் காதில் போடும்படி ஒன்று வந்துவிட்டது.

அதைப் போட்டுக்கொண்டு வேண்டுமென்றே முன்கடை வழியாக மெல்ல நடந்து போனாள். அண்ணி பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவர்தான் சொன்னார். "பிழையான ஸ்டாம்பெல்லாம் காதுல ஏறிடுச்சு போல."

"எல்லாம் நீ செதுக்கினதுதான் அண்ணே. உனக்குத்தான் பெருமை."

புருஷன் எந்த வீட்டுச் சண்டையிலும் தலையைக் கொடுக்காதவர். "எனக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கு. பின்னாடி வேகமா வர்றவனைப் பார்ப்பேன். ஒதுங்கி வழி விட்டுடுவேன்" என்பார். ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். ஒரு ஜோடியை எடுத்துப் போய் பஸ்ஸின் உள்கண்ணாடியில் தொங்கவிட்டார். ஆடி ஆடி அது போகிற போக்கில் முன் சீட்டுப் பெண்களின் கண்ணில் பட்டது. எங்கே கிடைக்கும் என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் ஸ்டாம்ப் கடைக்கு வழி சொன்னார். அப்படித்தான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்படித்தான் பெரியவரும் மேஜையிலிருந்தபடி அவர்களை மடக்க ஆரம்பித்தார்.

சின்னவளுக்கும் ஆயுதம் இல்லாமல் இல்லை. மின்சார மீட்டர் பின்னறையில் இருந்தது. நிறைய எண்ணிக்கையில் ஸ்டாம்ப் கேட்கிறவர்களுக்குப் பெரியவர் ரப்பரை அச்சோடு சூட்டு மெஷினில் வைத்து அழுத்துவார்; அது பாதி வெந்துகொண்டிருக்கும் நேரம் பார்த்து மெயினை அணைத்துவிடுவாள். அரைவேக்காட்டு ரப்பர் பிசுபிசுவென்று அச்சில் ஒட்டிக்கொள்ளும்.

"கரண்ட் போயிடுச்சா?" என்று முன்பக்கத்திலிருந்து குரல் வரும்.

"போன மாதிரிதான் இருக்கு."

"எதிர்க்கடையில லைட் எரியுதே."

"அவங்க புண்ணியம் பண்ணவங்க."

பெரியவர் பதிலுக்கு ஒரு நாள் முன்கடையைக் கழுவினார். அந்தக் கடையைத் துடைத்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. கழுவியதாக யாருக்கும் நினைவில்லை. வாளி வாளியாக ஊற்றித் துடைப்பத்தால் பின்பக்கமாகத் தள்ளினார். தண்ணீர் கதவுக்கு அடியில் புகுந்தது. தரையில் அவள் புதிதாகச் செய்து வரிசையாகக் காயவைத்திருந்த அட்டை வளையல்கள் எல்லாம் வார்னிஷ் பூசாதவை. ஊறி, உப்பி, அடுக்கு அடுக்காகப் பிரிந்து வாயைத் திறந்துகொண்டன. சின்னவள் அதை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து பெரியவரின் மேஜைமேல் போட்டாள்.

"தண்ணிக்குத் தெரியுமா யார் ரூம்னு" என்றாள் அண்ணி.

"தள்ளி விட்ட ஆளுக்குத் தெரியும் அண்ணி."

பெரியவர் நனைந்த அட்டையை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார். "நான்தான் சொன்னேனே, பசையா ஒழுகும்னு" என்றார்.

அன்றிலிருந்து சின்னவள் எல்லாவற்றையும் பலகை அடித்து மேலே ஏற்றிவைத்தாள்.

இந்த நிலைமையில்தான் துணிக்கடைக்காரி வந்தாள். கடைவீதியில் பெரிய துணிக்கடை வைத்திருக்கும் பெண். பஸ்ஸில் வந்த யாரோ போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு விசாரித்துக்கொண்டு வந்தவள். பெரியவர் வழக்கம்போல மழையைப் பற்றி ஆரம்பித்தார்.

"நான் மழையில நிக்கறதில்ல. வழி விடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே வந்துவிட்டாள்.

உள்ளே வந்து ஒவ்வொரு கம்மலாக எடுத்து, திருப்பி, ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அட்டை பிரியவில்லை. தன் கடையில் விற்கவும், அங்கே வேலை செய்யும் பெண்கள் போட்டுக்கொள்ளவும் பெரிய ஆர்டர் ஒன்று தருவதாகச் சொன்னாள். ஆனால் ஒரு நிபந்தனை. "துண்டு துண்டா ஒட்டுப்போட்ட டிசைன் வேண்டாம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். காம்போட ஒத்தைப் பூ, பக்கத்துல ஒரு இலை. இலையில நரம்பு தெரியணும்."

சின்னவள் சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். சாக்கில் இருந்த துண்டுகளில் அப்படி ஒரு பூ கிடையாது. வேறு கடைகளில் மெஷினில் செய்து தருவார்கள். அந்தக் கோட்டில் ஆழம் இருக்காது, பொடி நிற்காது. நரம்பு நரம்பாக ஆழமாய்ச் செதுக்கக்கூடிய கை அந்தப் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. அது கதவுக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்தது.

அண்ணனிடம் போய்க் கேட்பதைவிட ஆர்டரை விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் இருந்தாள். பிறகு அடுத்த தெருவில் அச்சகம் வைத்திருப்பவரிடம் போனாள். அவர் அடிக்கடி பெரியவரிடம் வேலை கொடுப்பவர்.

"என்னை நடுவுல மாட்டி விடாதீங்கம்மா" என்றார் அவர்.

"உங்களுக்குன்னு கேளுங்க. அழைப்பிதழ்ல போடறதுக்குன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவள் தாளில் வரைந்துவைத்திருந்த பூப்படத்தை அவர் மனசில்லாமல் வாங்கிக்கொண்டு போனார். பெரியவர் படத்தை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினார். சின்னவள் பென்சிலை எப்போதுமே அழுத்தித்தான் பிடிப்பாள். அவள் வரைந்தால் தாளின் மறுபக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். பெரியவருக்கு அது தெரியாதா? ஆனாலும் "நல்லா செஞ்சு தர்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அழைப்பிதழ்ப் பூவுக்கு இவ்வளவு நேரம் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று அண்ணி எட்டிப் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தாராம். கத்தி கையில் இருக்கும்போது அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

ஸ்டாம்ப் வந்தது. சின்னவள் ஒரு அட்டையில் குத்திப் பார்த்தாள். இதழ் மெல்லிசாக, காம்பு வளைந்து, இலையில் நரம்பு நரம்பாக வந்திருந்தது. "கை இருக்கு அவனுக்கு. மனசுதான் இல்ல" என்று அச்சகக்காரரிடம் சொன்னாள். அவளிடமிருந்து அண்ணனைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தையை அவர் அதற்குமுன் கேட்டதில்லை.

பிறகு சின்னவள் குத்தினாள், பொடி தூவினாள், ஊதினாள், ஒட்டினாள், வெட்டினாள், பூசினாள். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் காய்ந்து தோல் உரிந்தது. கொக்கி மாட்டத் துளை போடுவது மட்டும் மிச்சம். ஒரு பெட்டியை வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்தாள். வேலை முடிந்து வந்த புருஷன் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"உங்க கடை எழுத்தைக்கூடப் போட்டிருக்கியே. நல்லாத்தான் இருக்கு."

"எந்த எழுத்து?"

"இதோ, இலையில."

சின்னவள் வாங்கிப் பார்த்தாள். இலையின் நடு நரம்பிலிருந்து பிரிந்த கிளை நரம்புகள் சும்மா பிரியவில்லை. கடையின் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துகளாக வளைந்து பிரிந்திருந்தன. அந்தக் கடையில் செய்த ஒவ்வொரு ஸ்டாம்பின் பிடியிலும் அடியில் இருக்கும் அதே இரண்டு எழுத்துகள். தெரியாதவரைக்கும் நரம்பு, தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு எழுத்து மட்டும்தான் கண்ணில் படும். பெட்டியிலிருந்த எல்லாவற்றிலும் இருந்தது. பின்னறையில் அடுக்கி வைத்திருந்த எல்லாவற்றிலும் இருந்தது.

புருஷன் அவள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்ததை மெல்லக் கீழே வைத்துவிட்டு, கை கால் கழுவப் போய்விட்டார்.

காலையில் பெரியவர் கடை திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள்.

"இலையில என்ன எழுதியிருக்க?"

"எந்த இலையில?"

"தெரியாத மாதிரி பேசாத அண்ணே."

"அச்சகக்காரர் அழைப்பிதழுக்குன்னு கேட்டாரு. செஞ்சு குடுத்தேன். உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

பெரியவர் மேஜையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "என் கையால செதுக்கினது எங்க போனாலும் கடை எழுத்து கூடவே போகும். இனிமே இந்த ஊர்ல எவ காதுல கம்மல் ஆடினாலும் என் கடைதான் ஆடும். நீ பின்னாடி உக்காந்து ஒட்டிக்கிட்டே இரு. சின்ன வயசுலேருந்து உனக்கு அதுதானே வேலை."

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

சின்னவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மறுபடியும் முதலிலிருந்து செய்ய நேரமில்லை. சரக்கு மறுநாள் போக வேண்டும். எழுத்தைச் சுரண்டினால் வார்னிஷ் பெயர்ந்து அட்டை தெரிந்தது. மேலே மை தீட்டினால் திட்டாக நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துளை பூவின் உச்சி இதழில் வரவேண்டும். அப்போதுதான் நேராகத் தொங்கும். அவள் துளையிடும் கருவியை எடுத்தாள். இதழில் வைக்கவில்லை. இலையில், சரியாக அந்த இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள்.

எழுத்தாக வாசிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. துளை மட்டும் இருந்தது.

அடுத்ததை எடுத்தாள். ஒவ்வொரு குத்துக்கும் அண்ணன் என்று ஒரு தடவை சொன்னாள், அதோடு வேறு சில வார்த்தைகளையும் சேர்த்து. டக், டக் என்று சத்தம் முன்கடை வரைக்கும் கேட்டது. என்ன சத்தம் என்று பெரியவருக்குத் தெரியவில்லை. மத்தியானம் சாப்பிடக்கூட அவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் தன் கடையில் துணிக்கடைக்காரி ஒரு ஜோடியை விரலில் தொங்கவிட்டுப் பார்த்தாள். பூ பக்கவாட்டில் சாய்ந்து, காம்பு வானத்தைப் பார்த்தது.

"ஒரு பக்கமா சாயுதே."

"சாயும்."

"ஏன் சாயுது?"

"சாயற மாதிரிதான் செஞ்சேன்."

"அன்னைக்கு உங்க ரூம்ல பார்த்ததெல்லாம் நேரா தொங்குச்சு. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்மா."

அண்ணன் கதையை அவளிடம் சொல்லச் சின்னவளுக்கு வாய் வரவில்லை. துணிக்கடைக்காரி பாதியை எடுத்துக்கொண்டாள். மீதிப் பாதியைத் திருப்பித் தள்ளினாள். மறுபடி கொண்டுவா என்று அவளும் சொல்லவில்லை, கொண்டுவருகிறேன் என்று இவளும் சொல்லவில்லை.

திரும்பி வந்த பெட்டியைச் சின்னவள் பின்னறைக்குக் கொண்டுபோகவில்லை. முன்கடை வாசல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு வெளியே வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஜோடியைத் திணித்தாள். "இந்தக் கடை எழுத்துதான். நடுவுல ஓட்டை இருக்கும். இலவசம். எடுத்துட்டுப் போங்க."

பெரியவர் மேஜையை விட்டு எழுந்து வந்தார். ஒருவர் கையிலிருந்ததை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். துளையின் இரண்டு பக்கமும் எழுத்தின் மிச்சம் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. சத்தம் போடுவார் என்று சின்னவள் காத்திருந்தாள். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

"அப்பா எழுத்துல ஓட்டை போட்டிருக்க."

"நீ செதுக்கறப்ப அது உன் கடை எழுத்து. நான் குத்தினா அப்பா எழுத்தா?"

"இந்த ரெண்டு எழுத்தைத்தான் அவர் எனக்கு முதல்ல கத்துக்குடுத்தாரு. கையைப் பிடிச்சு."

"எனக்குப் பசை டப்பா குடுத்தாரு."

பெரியவர் அந்தக் கம்மலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததாகச் சின்னவள் பிறகு புருஷனிடம் சொன்னாள். "ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லணும்னு தோணல. இன்னும் நாலு ஓட்டை போட்டிருக்கலாம்னுதான் தோணுச்சு." புருஷன் அதற்கும் ஒதுங்கி வழி விட்டார்.

அடுத்த வாரமே அவள் கொத்தனாரைக் கூட்டிவந்தாள். பின்னறையின் பின்சுவரை ஒட்டி ஒரு சந்து ஓடியது. சுவரை இடித்து அங்கே வாசல் வைக்கச் சொன்னாள். சுத்தியல் சத்தம் கேட்டுப் பெரியவர் ஓடிவந்தார். கட்டடமே விழுந்துவிடும் என்றார். கொத்தனார் விழாது என்றார். சுவர் யாருடையது என்ற பேச்சு வந்தது. அது சின்னவளுடையது என்று அப்பாவே எழுதிவைத்திருந்தார். புது வாசல் திறந்ததும் பழைய உள்கதவை அடைத்துவிடச் சொன்னாள் சின்னவள். அவள் பக்கத்திலிருந்து செங்கல் வைத்துப் பூசியாயிற்று. தங்கச்சி அடைத்த சுவருக்குப் பின்னால் உட்காருவதா என்று பெரியவருக்குப் பொறுக்கவில்லை. அதே கொத்தனாரைக் கூப்பிட்டுத் தன் பக்கத்திலும் ஒரு சுவர் எழுப்பச் சொன்னார். ஒரே கதவுக்கு இரண்டு சுவர் வைத்தது தன் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை என்று கொத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மீட்டரும் தனித்தனியாகப் பிரிந்தது.

சின்னவள் ஒரு செதுக்கு கத்தி வாங்கினாள். பென்சில் அழிக்கிற ரப்பரில் தொடங்கினாள். கட்டைவிரலை இரண்டு முறை ஆழமாக அறுத்துக்கொண்டாள். ஆரம்பத்தில் அவள் செதுக்கிய பூவெல்லாம் காலில் மிதிபட்ட மூடி போல இருந்தது. ஆனால் அவளுக்குப் பிடிவாதத்துக்குப் பஞ்சமில்லை. நாளாக நாளாக இதழ் இதழாகத் தெரிந்தது. நேர்த்தி என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கோணல் இருக்கும். சந்துக்குள் விசாரித்துக்கொண்டு வருகிறவர்கள் அந்தக் கோணலைக் குறையாகச் சொல்லவில்லை. மடக்குவதற்கு இப்போது வாசலில் யாரும் இல்லை.

ஒரு நாள் அந்தச் சந்து வழியாக அண்ணி வந்தாள்.

"எனக்கில்ல. தெரிஞ்சவங்க கேட்டாங்க" என்றாள் உட்காராமலே.

சின்னவளுக்கு மனசு கொஞ்சம் இளகியது என்றுகூடச் சொல்லலாம். இருந்ததில் நல்ல ஜோடியாக எடுத்து வைத்தாள். அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எத்தனை அட்டை ஒட்டியிருக்கிறாய், மேலே என்ன பூசியிருக்கிறாய் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "இதழ் ஒண்ணு கோணலா இருக்கே" என்று ஒரு குறையும் சொல்லிவிட்டு வாங்கிப் போனாள். சின்னவள் அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். "அண்ணி வந்தாங்க. பாவம், இளைச்சுப் போயிட்டாங்க."

பத்துப் பதினைந்து நாளில் முன்கடையில் பலகை ஏறியது. 'இங்கு காகித நகைகள் கிடைக்கும்.' அண்ணி வாங்கிப் போன ஜோடி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. சுற்றிலும் அதே பூ, பெரியவர் செதுக்கியது. கோணல் இல்லாமல், துல்லியமாக, அவளுடையதைவிட நன்றாக.

சின்னவள் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று அதைப் பார்த்தாள். "இளைச்சுப் போயிட்டாங்கன்னு சொன்னேன் பாரு, என் வாயிலேயே போட்டுக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினாள்.

பெரியவருக்குச் செதுக்கத் தெரியும். மற்றது தெரியாது. ஆபீஸ் ஸ்டாம்புக்கு வைத்திருந்த மையையே தொட்டுக் குத்தியிருந்தார். அது தாளில் ஊறிக் காய்கிற மை; வழுவழுப்பான அட்டையில் முழுதாகக் காயாது. மேலே வார்னிஷையும் ஒரே பூச்சோடு நிறுத்திக்கொண்டார்கள். வெயில் காலம் வந்தது. வேர்வை பட்டதும் மை இளகிக் கீழே இறங்கியது. வாங்கிப் போட்ட பெண்களுக்குக் காது நீலம், கழுத்து நீலம், சிலருக்குத் தோள்பட்டை வரைக்கும் நீலம்.

அவர்களில் ஒருத்தி சந்து வழியாகச் சின்னவளிடம் வந்து சண்டைக்கு நின்றாள். சின்னவள் கம்மலை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னுதில்ல. முன் தெருவுல ஸ்டாம்ப் கடை இருக்கு. அங்க போய்க் கேளுங்க."

"அது உங்க அண்ணன் கடைன்னு சொன்னாங்களே."

"அண்ணனா? அங்க ரெண்டு சுவர் இருக்கு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

என்றாலும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அந்தப் பெண்ணின் காதைத் துடைத்துவிட்டாள். துடைக்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அதை மறைக்க அவள் பெரிதாக முயற்சி செய்யவில்லை.

சில நாள் கழித்து அச்சகக்காரர் வந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். "இந்த மை நல்லா காயறதுக்கு என்ன பண்ணுவீங்க? சும்மா, எனக்காகத்தான் கேக்கறேன்."

"உங்க அச்சகத்துல மை காயலையா?"

"காயுது."

"அப்ப யாருக்கு?"

அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னா அவனையே வந்து கேக்கச் சொல்லுங்க" என்றாள் சின்னவள். "சந்து வழியாத்தான் வரணும். பக்கத்து வீட்டுக்காரங்க துணி காயப்போட்டிருப்பாங்க. குனிஞ்சு வரச் சொல்லுங்க."

பெரியவர் வரவில்லை. கொஞ்ச நாளில் பலகை இறங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் மறுபடியும் மரப்பிடிகள் வந்து உட்கார்ந்தன.

இப்போதும் இரண்டு கடையும் அதே இடத்தில்தான் நடக்கின்றன. உறவுக்காரர் வீட்டு நல்லது கெட்டதுகளில் பெரியவர் முன் வரிசையில் உட்கார்ந்தால் சின்னவள் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறாள். இரண்டு சுவர் இருந்தும் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. அவர் இருமுவது இவளுக்குக் கேட்கும். இவள் துளை போடுவது அவருக்குக் கேட்கும். அவர் யாரிடமாவது போனில் ஆர்டர் பேசத் தொடங்கினால், சின்னவள் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, இரைச்சல் போடும் அந்த ஹீட் கன்னை எடுக்கிறாள். உருக்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், அவர் பேசி முடிக்கிறவரைக்கும் அதைச் சுவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு ஊதுகிறாள்.